யாமினி பார்த்துச் சொன்ன இடம்

பிள்ளை ஒன்றைத் தத்தெடுக்கப் போகிறோம் என்ற செய்தியை ரஞ்சிதமும் சிதம்பரமும் முதலில் சொன்னது யாமினியிடம்தான். சொன்ன இடம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா உணவங்காடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. டிஷ்யூ பாக்கெட்டைப் போட்டு ஒரு மேசையைப் பிடித்து, தோசையும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயும் வாங்கி வந்து வைத்துவிட்டு, சிதம்பரம் தன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ரஞ்சிதம் சாப்பிடாமல் சாம்பாரையே கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை, ரெண்டு பேரும் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லடா குட்டிமா. நானும் மாமாவும் ஒரு பிள்ளைய எடுத்து வளர்க்கலாம்னு இருக்கோம்."

யாமினி சிரித்துவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தாள். அத்தையின் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரம் அது என்று அவளுக்குத் தெரிந்தது. முகம்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"இப்பவா?" என்றாள்.

"இப்ப விட்டா அப்புறம் எப்ப லா?" என்றார் சிதம்பரம். "எனக்கு ஐம்பது நெருங்குது. வயசு ஏற ஏற கஷ்டம்னு சொல்றாங்க. நீதாம்மா நல்ல ஏஜென்சியா பார்த்துச் சொல்லணும். எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

அவர் அப்படிக் கேட்டதில் வியப்பில்லை. அந்த வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து பாலிப் பயணம் வரை எல்லாவற்றையும் அலசி ஆராய்ந்து தேர்ந்தெடுத்தவள் யாமினி. தஞ்சோங் பகாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் அவளுக்கு வேலையே அதுதான்: நாலு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது தேறும் எது தேறாது என்று சொல்வது.

"சரி மாமா. நான் பாக்குறேன்," என்றாள். தோசை ஆறிப்போயிருந்தது.

ரஞ்சிதம் யாமினியின் அப்பாவுக்குத் தங்கை. யாமினியின் அம்மா சுசீலா மருத்துவமனையில் தாதி. இரவு வேலை, பகல் வேலை என்று மாறி மாறி வரும். அப்பா டாக்சி ஓட்டினார். ஈசூனில் இருந்த அவர்கள் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நாலு வயது யாமினியை, அப்போதுதான் கல்யாணமாகி புக்கிட் மேராவில் குடியேறியிருந்த அத்தையிடம் கொண்டுவந்து விட்டார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை அத்தை வீடு, சனி ஞாயிறு ஈசூன். பள்ளிக்கூடம், பாலிடெக்னிக் எல்லாம் அப்படியே கழிந்தன. வேலைக்குப் போன பிறகு, அத்தை வீடுதான் ஆபீஸுக்குப் பக்கம் என்று சொல்லி அவள் வார இறுதியிலும் ஈசூன் போவதைக் குறைத்துவிட்டாள். அத்தையின் அந்த அரசு அடுக்குமாடி வீவக வீட்டில் இரண்டே அறைகள். ஒன்று அத்தையும் மாமாவும் படுப்பது. இன்னொன்றுக்கு 'யாமு ரூம்' என்று பெயர்.

அன்று வீடு திரும்பியதும் அவள் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தொட்டில் வந்தால் எங்கே போடுவார்கள்? வேறெங்கே, இங்கேதான். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று தானே முன்வந்து சொல்லிவிட வேண்டும், அதுதான் மரியாதை. சொல்ல வாய் வரவில்லை. இன்னும் பிறந்ததா பிறக்கவில்லையா என்றே தெரியாத ஒரு குழந்தை தன் தலையணையில் எச்சில் வழியப் படுத்திருப்பதைப் போல அவளுக்குத் தோன்றியது. அத்தைக்குப் பிள்ளை இல்லை என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டும்போதெல்லாம், 'நான்தான் இருக்கேனே' என்று பெருமையோடு நினைத்துக்கொண்டவள் அவள். நான் இருந்தது போதவில்லையா?

விசாரித்ததில் உள்ளூர் ஏஜென்சிகள் இரண்டு தேறின. முதலாவது லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. சமூக சேவை அமைப்பு ஒன்று நடத்துவது. யாமினி மதிய உணவு நேரத்தில் போனாள். படியேறும்போதே கீழ்க் கடையின் பெருங்காய வாசனை கூடவே வந்தது. குறை கண்டுபிடிக்கவே அவள் போயிருந்தாள். ஆனால் வைதேகி என்ற சமூக ஊழியர் எதிரே வந்து உட்கார்ந்ததும் அது கடினமாகிவிட்டது.

வைதேகி எதையும் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முதலில் ஒரு விளக்கக் கூட்டத்துக்கு வர வேண்டும், பிறகு குடும்பம் தகுதியானதா என்று மதிப்பீடு நடக்கும், அது முடிந்த பிறகுதான் குழந்தையைப் பற்றிய பேச்சே என்றார். எத்தனை நாளாகும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம், ஆனால் கூப்பிட்டால் போனை எடுப்போம் என்றார். அத்தை பாலர் பள்ளித் தமிழாசிரியை என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"கைக்குழந்தைதான் வேணும்னு இருக்காங்களா? ரெண்டு வயசு, மூணு வயசுப் பிள்ளைங்களுக்கும் வீடு தேவைப்படுது. அந்த மாதிரிப் பிள்ளைங்களோட பழகின ஒருத்தர் வந்தா ரொம்ப நல்லது. அவங்க வீட்டுக்காரர் வயசைப் பார்த்தா தள்ளிப் போடாம சீக்கிரம் வரச் சொல்லுங்க." பிறகு கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து கேட்டார்: "நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

"மகள்," என்றாள் யாமினி. உடனே, "மகள் மாதிரி. மாமாவுக்கு... இல்ல, அத்தைக்கு அண்ணன் மகள்," என்று குழறினாள்.

"அப்போ உங்களுக்கும் இது பெரிய மாற்றம்தான், இல்லையா?"

"எனக்கென்ன. எனக்கு ஓகேதான்," என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே அத்தையைக் கூட்டிவருவதாக வாக்கும் கொடுத்துவிட்டு அவள் இறங்கி வந்தாள்.

இரண்டாவது ஏஜென்சி நொவீனாவில், உயரமான கட்டடத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு, பூச்சாடி, எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீர். எல்லாம் அழகு. விளக்கம் சொன்ன பெண் மூச்சுவிடாமல் பேசினாள். காத்திருப்போர் வரிசை நீளம் என்பதையும், வயதில் இளைய தம்பதிகளுக்கே முன்னுரிமை என்பதையும் மட்டும் சிரித்துக்கொண்டே கடைசியில் சொன்னாள். யாமினி அதை இரண்டாவது முறையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

அன்று மாலை அத்தையும் மாமாவும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"நொவீனாதான் பெஸ்ட்," என்றாள். "புரொஃபஷனலா இருக்காங்க. லிட்டில் இந்தியாவுல இருக்கறது சரிப்படாது அத்தை. போன் பண்ணா எடுக்கறதில்ல. என்னையே குத்தவாளிய விசாரிக்கிற மாதிரி விசாரிச்சாங்க."

சிதம்பரம் தாடையைத் தடவினார். "நம்ம ஆளுங்க இருக்கிற இடம்னா பேசறதுக்கு சுலபமா இருக்குமேன்னு பார்த்தேன்."

"அதான் மாமா பிரச்சனையே. தேக்கா பக்கம் அந்தப் படியில நீங்க ஏறி இறங்கினா யார் கண்ணுலயாவது படாமலா இருக்கும்? நாளைக்கே கோயில்ல நாலு பேர் கேப்பாங்க."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடங்களாக, 'விசேஷம் ஏதும் உண்டா?' என்ற கேள்விக்குப் பயந்தே பாதிக் கல்யாணங்களுக்குப் போகாமல் இருந்தவள் அத்தை. ரஞ்சிதத்தின் முகம் சுருங்கியது.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க. நொவீனாவே பார்ப்போம்," என்றாள்.

அன்று யாமினி நன்றாகத் தூங்கினாள். அதை நினைத்துப் பின்னாளில் அவளுக்கே கூச்சமாக இருந்தது.

நொவீனாக்காரர்கள் பெயரைப் பதிந்துகொண்டார்கள். பிறகு மாதக்கணக்கில் பேச்சுமூச்சில்லை. ரஞ்சிதம் அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குரல் எடுத்து, பொறுமையாக இருங்கள் என்றது. அவளும் பொறுமையாகத்தான் இருந்தாள். ஆனால் ஆசை பொறுக்கவில்லை. கடைத்தெருவுக்குப் போனால் கை தானாகச் சின்னச் சட்டைகளைப் புரட்டிப் பார்த்தது. சிதம்பரம் துவாஸில் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு மர ரயிலை வாங்கி வந்து, குழந்தைக்கென்று சொல்லக் கூச்சப்பட்டு, "தள்ளுபடியில கிடைச்சுது," என்று அலமாரியில் வைத்தார்.

யாமினி நினைத்தது வேறு. பிள்ளை வராவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள். வராத பிள்ளையோ வீடு முழுக்க நிறைந்துவிட்டது. சாப்பிடும்போது அதன் பேச்சு, துணி மடிக்கும்போது அதன் பேச்சு. ஒருநாள் அத்தை தலைக்கு எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டிருந்தாள். யாமினி கண்ணை மூடிச் சொக்கியிருந்த நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"பொண்ணா இருந்தா குட்டிமான்னே கூப்பிடப் போறேன்."

யாமினி தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னடா, வலிச்சிடுச்சா?"

"இல்ல. ஆபீஸ் வேலை இருக்கு," என்று சொல்லி எழுந்து போனாள். எண்ணெய் கழுத்தில் வழிந்தது. தன் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லையே என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வயதில், சம்பாதிக்கிற பெண், ஒரு செல்லப் பெயருக்காக அழுகிறாள் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

உண்மை வெளிவந்தது பாலர் பள்ளி வாசலில். மகளை அழைத்துப் போக வரும் முகமது யூசுப் என்ற தகப்பன் ரஞ்சிதத்திடம் நன்றாகப் பேசுவார். ஒருநாள் பேச்சுவாக்கில், தன் மகள் தத்துப் பிள்ளை என்றும், லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடை மாடியில் இருக்கும் ஏஜென்சிதான் எல்லாவற்றையும் கூடவே இருந்து முடித்துக்கொடுத்தது என்றும் சொன்னார். இன்றைக்கும் பெருநாள் தவறாமல் அவர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். ரஞ்சிதத்துக்கு ஒன்றும் புரியவில்லை. போனே எடுக்காத இடம் என்றல்லவா யாமினி சொன்னாள்? மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அவளே அந்தப் படியில் ஏறினாள்.

யாமினி வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தை சமையலறையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமா வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரம் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

"இன்னைக்கு வைதேகிய பார்த்துட்டு வந்தேன்," என்றாள் ரஞ்சிதம், தலையை நிமிர்த்தாமல். "உன்ன ரொம்ப விசாரிச்சாங்க. அன்னைக்கு வந்த பொண்ணு அடுத்த வாரமே அத்தைய கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிச்சே, ஏன் வரலன்னு கேட்டாங்க. ரெண்டு தடவை உனக்குப் போன் பண்ணாங்களாமே?"

யாமினி வாயைத் திறந்தாள். என்னென்னவோ பொய்கள் வரிசையில் வந்து நின்றன.

"ஏன் யாமு?"

"நான் இருக்கேன்ல," என்றாள். "நான் இருக்கேன்ல அத்தை. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு? இத்தனை வருஷமா நான் உங்க பிள்ளை இல்லையா?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டு ரஞ்சிதம் திரும்பினாள். அவள் கோபப்பட்டு யாமினி பார்த்ததே இல்லை. இப்போது முகத்தில் இருந்தது கோபம்தானா என்றும் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் உங்கம்மா வருவாங்க. லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்டாலே நீ என் கையில இருக்கிற சோத்தை விட்டுட்டு ஓடுவ. அஞ்சு நாளும் காய்ச்சல், வாந்தி, ஹோம்வொர்க் எல்லாம் நான் பார்ப்பேன். ஆனா அவங்க வந்து நின்னா நான் யாரோ. நீ கையாட்டிட்டுப் போவ. நான் கதவைச் சாத்திட்டு உள்ள வந்து உன் தட்டைக் கழுவுவேன். எங்க அண்ணிய பார்த்து நான் எவ்வளவு வயிறெரிஞ்சிருக்கேன்னு உனக்குத் தெரியுமா?"

யாமினி தோளிலிருந்த பையை மெல்ல இறக்கி வைத்தாள்.

"ஒரு தடவை உனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அண்ணிக்குப் போன் பண்ணி, காய்ச்சலா இருக்கு, இந்த வாரம் அனுப்பலன்னு பொய் சொன்னேன். ரெண்டு நாள் கூட வச்சுக்கணும்னு. பாவம், அவங்க டியூட்டிய மாத்திட்டு ஓடி வந்தாங்க. நீ சோபால குதிச்சுக்கிட்டிருந்த. அவங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல. பார்த்தாங்க, அவ்வளவுதான்." ரஞ்சிதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ என் பிள்ளைதான் யாமு. ஆனா இன்னொருத்தங்க வந்து கூட்டிட்டுப் போற பிள்ளை. யாரும் வந்து கூட்டிட்டுப் போகாத ஒரு பிள்ளை எனக்கு வேணும்னு நினைச்சேன். அது தப்பா?"

இத்தனை காலமும் யாமினி அத்தையின் அன்பைத் தனக்கு உரிய பண்டமாக எடுத்துக்கொண்டாளே தவிர, அந்த அன்புக்குள்ளும் இப்படி ஒரு நெருப்பு இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். அதற்குள் சிதம்பரம் எழுந்து வந்தார்.

"கொஞ்ச நாள் ஈசூன்ல இரும்மா," என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அது அதிகம் சுட்டது. "வரிசையில நிக்கிற ஒவ்வொரு மாசமும் எனக்கு வயசு ஏறுது. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சேதானே செஞ்ச? இப்ப உன் முகத்தைப் பார்க்க என்னால முடியல."

அத்தை தடுப்பாள் என்று யாமினி எதிர்பார்த்தாள். அத்தை தடுக்கவில்லை.

ஈசூனில் சுசீலா ஒன்றும் கேட்கவில்லை. மகள் பெட்டியோடு வந்து நின்றதைப் பார்த்து, அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள். தாயும் மகளும் ஒரே வீட்டில் தொடர்ந்து இருப்பது இருவருக்குமே பழக்கமில்லாதது. யாமினிக்குக் கோப்பியில் சீனி வேண்டாம் என்பது சுசீலாவுக்குத் தெரியாது. அம்மா காலையில் பேசப் பிடிக்காதவள் என்பது யாமினிக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்துத் துணி காயப்போடும்போது யாமினியே எல்லாவற்றையும் சொன்னாள். சுசீலா கடைசித் துணியையும் மூங்கில் கழியில் கோத்து முடித்தாள்.

"உங்க அத்தைக்கு மட்டும்தான் வயிறெரிஞ்சதுன்னு நினைக்கிறியா?" என்றாள். "அன்னையர் தினத்துக்கு நீ முதல்ல எழுதின கார்டுல ரஞ்சிதம்னு பேர் எழுதியிருந்த." கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இதற்கிடையில் ரஞ்சிதமும் சிதம்பரமும் நொவீனாவிலிருந்து விலகி, லிட்டில் இந்தியா ஏஜென்சியில் சேர்ந்து, விளக்கக் கூட்டத்துக்கும் போய்வந்திருந்தார்கள். கோயில்காரர்கள் பார்ப்பார்களே என்ற கவலை போன இடம் தெரியவில்லை. படியிறங்கி வரும்போது எதிர்ப்பட்ட ஒரு தூரத்துச் சொந்தத்திடம் ரஞ்சிதமே விஷயத்தைச் சொன்னாளாம். மதிப்பீட்டின்போது, குடும்பத்துக்கு நெருக்கமானவர்களையும் பார்க்க வேண்டும் என்று வைதேகி கேட்டார். யாமினியின் பெயரைக் கொடுத்தவள் ரஞ்சிதம். மாமாவுக்கு அதில் இஷ்டமில்லை என்று பின்னால் தெரியவந்தது.

யாமினி மறுபடியும் அந்த மேல்மாடிக்குப் போனாள். இந்த முறை, எதைச் சொன்னாலும் அத்தைக்குக் கெடுதல் ஆகிவிடுமோ என்று பயந்தாள்.

"அவங்க ரெண்டு பேரையும் பத்திச் சொல்லுங்க," என்றார் வைதேகி.

யாமினி சொன்னாள். தனக்கு அம்மை போட்டபோது அத்தை வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தது. கணக்கில் தோற்றபோது மாமா திட்டாமல் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தது. பேசப் பேச நிறுத்த முடியவில்லை. கடைசியில் தானாகவே, "நான் உங்களைப் பத்தி அவங்ககிட்ட பொய் சொன்னேன்," என்றாள். "எனக்குப் பொறாமை. இன்னும் போகல."

"குழந்தை வந்தா?"

"தெரியல. ஆனா அந்தப் பிள்ளைக்கு அவங்கள மாதிரி வேற அம்மா அப்பா கிடைக்க மாட்டாங்க. அது எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதானே இவ்வளவு வயித்தெரிச்சல்?"

வைதேகி சிரிக்கவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. "உண்மையச் சொன்னதுக்கு நன்றி," என்று மட்டும் சொன்னார்.

மதிப்பீடு நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகும் காத்திருப்பு இருந்தது. ஆனால் இந்தக் காத்திருப்பில் கூப்பிட்டால் போனை எடுக்க ஓர் ஆள் இருந்தார். அடுத்த ஆண்டு, மழைக்காலம் முடியும் நேரத்தில், கபிலன் வந்தான். இரண்டு வயதைத் தாண்டிய பையன். தலை நிறைய முடி. யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பல மாதங்களுக்குப் பிறகு நீதிமன்ற ஆணையும் கிடைத்து, அவன் சட்டப்படி சிதம்பரத்தின் மகன் ஆனான்.

வீட்டுக்கு வரச் சொல்லி யாமினியை அழைத்தது மாமாதான். "வந்து பாரும்மா," என்றார். பழைய இளக்கம் குரலில் முழுதாகத் திரும்பியிருக்கவில்லை. கொஞ்சம் திரும்பியிருந்தது.

'யாமு ரூம்' இருந்த இடத்தில் சின்னக் கட்டில் கிடந்தது. எதிர்பார்த்துத்தான் போனாள். இருந்தும் வாசலிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டாள். கபிலன் தரையில் மர ரயிலை ஓட்டிக்கொண்டு, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். அத்தை இளைத்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனாலும் அந்த முகத்தில் இருந்த நிறைவை யாமினி இதற்கு முன் பார்த்ததில்லை. அது தன்னால் வந்ததில்லை என்ற எண்ணம் சுருக்கென்று குத்தியது.

சோபாவில் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் அத்தையின் தோளில் தலையைச் சாய்த்தாள். ரஞ்சிதத்தின் கை மேலே வந்து அவள் முடியைக் கோதியது.

அடுத்த நொடி ஒரு வீறிடல். கபிலன் ரயிலை எறிந்துவிட்டு ஓடி வந்தான். அத்தையின் புடவையைப் பிடித்து ஏறி, இருவருக்கும் நடுவே தன்னைத் திணித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் யாமினியின் தோளைத் தள்ளினான். "போ! என் அம்மா! போ!" முகம் சிவந்து, மூக்கு ஒழுகியது.

"டேய், டேய், அக்காடா," என்று ரஞ்சிதம் பதறினாள். சிதம்பரம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். யாமினி எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று அவர்கள் இருவரும் பயந்தது அவளுக்குத் தெரிந்தது.

யாமினி அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் மூச்சு வாங்க, அத்தையின் முந்தானையை முஷ்டிக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதிரியைப் பார்ப்பது போல அவளை முறைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சரி லா, சரி லா," என்றாள். "உன் அம்மாதான். நான் எடுத்துக்க மாட்டேன்."

சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எழுந்து போகவில்லை.